சின்னவர் இல்லாத வகுப்பு

மாலை நேர எம்.பி.ஏ.வில் அந்தந்த வருடம் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. கல்லூரிக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் போய் நின்றால் போதும். மரத்தடியில் நிற்கும் கார்கள் மில் முதலாளிகள், பம்பு கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகளுடையவை. அடுத்து ஸ்கூட்டர் வரிசை. அது வங்கி அதிகாரிகளும் ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும். பின் சீட்டில் கனத்த தோல்பை கட்டிய மோட்டார் சைக்கிள் என்றால் மருந்துக் கம்பெனி ஆள். மொபெட்டுகள் எல்லாம் மில், ஃபவுண்டரி சூப்பர்வைசர்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் பாடம் ஆரம்பித்த பிறகு வாசலில் நின்று, "லேட்டாயிப்போச்சுங்க மேடம்" என்பார்கள். பெண்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அதிகம். அவர்களைக் கூட்டிப்போக அண்ணனோ கணவனோ வெளியே காத்திருப்பார்.

நான் அங்கே பர்சனல் மேனேஜ்மென்ட், அதாவது ஆட்களை நிர்வகிக்கும் பாடம் எடுத்தேன். மதுரைக்காரி, கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தவள். எங்கள் ஊரில் பஸ் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கே நாலு பேர் சேர்ந்து வாதாடுவார்கள். இங்கே "முடியாது" என்பதற்கும் "பாக்கலாமுங்க" என்றுதான் பதில் வரும். வீட்டுச் சொந்தக்காரரில் ஆரம்பித்துக் கொத்தனார் வரை எல்லோருடைய "பாக்கலாமுங்க"வையும் நம்பிக் காத்திருந்து, அதன் அர்த்தம் புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பகுதி நேரப் படிப்பில் சேர ஒரு டிகிரி வேண்டும். குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். வேலை செய்யும் இடத்திலிருந்து சம்மதக் கடிதம் வேண்டும். விதியை எழுதியவர்கள் பெரிய நகரங்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். கோயம்புத்தூரில் அந்த விதி என்ன செய்ததென்றால், முதலாளி மகனையும் அவர் மில் ஆளையும், பம்பு செய்கிறவரையும் அவருக்கு வார்ப்பு கொடுக்கிறவரையும், கடன் வாங்கியவரையும் அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட வங்கி அதிகாரியையும் ஒரே அறையில் கொண்டுவந்து உட்காரவைத்தது. பகல்நேர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுக்கு ஒருவரையொருவர் வகுப்பில்தான் தெரியும். மாலை வகுப்புக்காரர்களுக்கு ஒருவரையொருவர் பகல் முழுக்கத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், எங்கள் துறைத்தலைவர் பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் நடுவே ஜி.டி. என்கிற குழு விவாதம் வைக்கப்போவதாக அறிவித்தார். எட்டுப் பேரை அரைவட்டமாக உட்காரவைத்து ஒரு தலைப்பைக் கொடுத்துவிட வேண்டும். அவர்களாகவே வாதாட வேண்டும். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து மார்க் போட வேண்டும். யார் முதலில் பேச ஆரம்பிக்கிறாரோ அவருக்குத் தலைமைப் பண்புக்குத் தனி மார்க். அடுத்தவர் கருத்தைத் துணிச்சலாக மறுப்பவருக்கு இன்னொரு மார்க். துறைத்தலைவர் சென்னைக்காரர், புத்தகத்தில் இருப்பது எந்த ஊரிலும் நடக்கும் என்று நம்புகிறவர். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அந்த நம்பிக்கையின் மேல் மட்டும் கிடையாது.

முதல் குழு உள்ளே வந்தது. துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்து "ஆரம்பியுங்கள்" என்றார். எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நீங்க ஆரம்பிங்க."

"இல்லீங்க, நீங்க பெரியவங்க. நீங்களே சொல்லுங்க."

"அட, நீங்க சொன்னாத்தானுங்க நல்லா இருக்கும்."

இப்படியே வட்டம் ஒரு சுற்று வந்தது. பிறகு ஒருவர் இன்னொருவரிடம் பொள்ளாச்சிப் பக்கம் மழை எப்படி என்று விசாரித்தார். அங்கிருந்து பேச்சு பருத்தி விலைக்குப் போனது. சென்னிமலையில் போர்வை வியாபாரம் செய்யும் ஒருவர், தெரிந்தவர்கள் இத்தனை பேர் ஒரே இடத்தில் கிடைத்ததை விடக் கூடாது என்று பையைத் திறந்து, தங்கை கல்யாணப் பத்திரிகையை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் எங்கள் மேஜைக்கும் வந்து, "அவசியம் வந்துபோடோணுமுங்க" என்றார். துறைத்தலைவர் ஒரு கையில் பத்திரிகையும் ஒரு கையில் மார்க் தாளுமாக உட்கார்ந்திருந்தார். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தக் கூத்தெல்லாம் வேடிக்கை என்றுதான் அந்த நாலாவது குழு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழுவில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். அவரை எனக்கு விண்ணப்பம் வாங்க வந்த நாளிலேயே தெரியும். நாற்பதை நெருங்குகிறவர், பி.எஸ்ஸி. படித்தவர், மதுக்கரை போகும் வழியில் இருக்கும் ஒரு நூற்பாலையில் பயிற்சி ஆளாகச் சேர்ந்து ஷிப்டு சூப்பர்வைசர் ஆனவர். துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையின் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வயசாயிப்போச்சுங்க மேடம். சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

வயது தடையில்லை என்று சொன்னபோது அவர் முகம் தெளிந்தது. மில் மேனேஜர் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்றும், "படிச்சுப்போட்டு வாங்க, பாக்கலாம்" என்று பெரிய முதலாளி சொல்லியிருக்கிறார் என்றும் அவரே சொன்னார். அந்த மேனேஜர் வேலைதான் அவர் ஆசை முழுக்க. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லையாம். கிடைக்காவிட்டால் அவளுக்கும் ஏமாற்றம், எதற்கு என்றார். "பாக்கலாம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர் அவர்; எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவருடைய சம்மதக் கடிதம் வந்த அதே நாளில் அதே மில்லிலிருந்து இன்னொரு சம்மதக் கடிதமும் வந்தது. பெரிய முதலாளி தன் மகனுக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். மகனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மில்லில் எல்லோரும் அவரைச் சின்னவர் என்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். தாத்தா காலத்தில் பருத்தி விளைவித்தவர்கள், பிறகு அந்தப் பருத்தியை நூலாக்க மில் கட்டியவர்கள். சின்னவர் மென்மையாகப் பேசுவார். காரிலிருந்து இறங்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார்.

இரண்டு பேரையும் நாலாவது குழுவில் போட்டது அகர வரிசை. சூப்பர்வைசர் உள்ளே வந்தார், சின்னவரைப் பார்த்தார், வெளியே போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றார். பிறகு கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துறைத்தலைவர் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். 'குடும்ப நிறுவனத்தை நடத்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து நிர்வாகி தேவையா?'

சின்னவர்தான் ஆரம்பித்தார். வெளியாள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான் என்றும், குடும்பத்தாருக்கு இருக்கும் அக்கறை அவருக்கு வராது என்றும், தங்கள் மில்லுக்கு அப்படி ஒருவர் தேவைப்படாது என்றும் கோர்வையாகச் சொன்னார். கணபதிப் பகுதியில் உள்ள கிளையில் வேலை பார்க்கும் ஒரு வங்கி அதிகாரி மட்டும் அதை மறுத்தார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அங்கே யாரும் அவருக்கு உறவும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. தன் பக்கத்துக்கு ஆள் தேடி அவர் சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க மில்லுக்குள்ளயே இருக்கறவர். நீங்க சொல்லுங்க, குடும்ப ஆள் மட்டும் போதுமா?"

மேனேஜர் வேலைக்காக எம்.பி.ஏ. படிக்க வந்தவர் அவர். குடும்பத்துக்கு வெளியாள் என்றால் அதில் அவரும்தான் சேர்த்தி. நான் பேனாவை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன்.

"சின்னவரு சொல்றதுதானுங்க சரி" என்றார். "ஊட்டு ஆளுங்க பாத்தாத்தானுங்க மில்லு நிலைக்கும். வெளியாளு எப்பவும் வெளியாளுதானுங்க."

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷமா சங்கடமா என்று எனக்குப் பிடிபடவில்லை. துறைத்தலைவர் சூப்பர்வைசர் பேருக்கு நேரே, சொந்தக் கருத்து இல்லை என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அடுத்த வாரம் நேர்காணலுக்குத் தனியாக வந்தபோது துறைத்தலைவர் அவரிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். சூப்பர்வைசர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வெளி நிர்வாகி கட்டாயம் வேண்டும் என்றார். சித்தப்பா பெரியப்பா எல்லோரும் ஆளுக்கொரு உத்தரவு போடுவதால் ஷிப்டில் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை என்றார். அவர்கள் அதைத் தெலுங்கில் பேசித் தீர்த்துக்கொள்வதாக நினைக்கிறார்கள், தனக்கும் தெலுங்கு புரியும் என்பது இத்தனை வருடமாக அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் துறைத்தலைவர்.

"அங்க சொன்னா அது விவாதம் இல்லீங்க சார். எதுத்துப் பேசறதுங்க."

அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கும் துறைத்தலைவருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. நிர்வாகம் படிக்க வருகிறவன் முதலாளி முன்னால் வாயைத் திறக்காவிட்டால் எதற்குப் படிப்பு என்றார் அவர். முதலாளியையும் அவரையும் ஒரே அரைவட்டத்தில் உட்காரவைத்துவிட்டு வாயைத் திற என்றால் எப்படித் திறப்பார் என்றேன் நான். குரலை உயர்த்தித்தான் சொன்னேன், மதுரை வாய். கடைசியில் எழுத்துத் தேர்வு மார்க் கைகொடுத்தது. சூப்பர்வைசர், சின்னவர், அந்த வங்கி அதிகாரி மூவருக்கும் இடம் கிடைத்தது. அடுத்த வருடம் குழு விவாதம் ஓசைப்படாமல் நின்றுபோனது.

வகுப்பில் சின்னவர் நடுவில் உட்காருவார், சூப்பர்வைசர் கடைசி வரிசை. முதல் பருவம் முழுவதும் சூப்பர்வைசர் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் மாதிரி இருந்தார். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, "நீங்க சொன்னதுதானுங்க மேடம்" என்று உட்கார்ந்துவிடுவார். துறைத்தலைவர் என்னைக் கடக்கும்போதெல்லாம், எப்படி உங்கள் ஆள் என்பது போலப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருக்காகச் சண்டை போட்டவள் என்ற உரிமையில் வந்த எரிச்சல் அது.

ஒரு சாயங்காலம் சின்னவர் வரவில்லை. பருத்தி பார்க்க வெளியூர் போயிருந்தார். தொழிலாளர்கள் வேலைக்கு வராமல் இருப்பது பற்றிய பாடம். புத்தகத்தில் இருந்த காரணங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து, "அதெல்லாம் இல்லீங்க மேடம்" என்று குரல் வந்தது. திரும்பினால் சூப்பர்வைசர் எழுந்து நிற்கிறார். தங்கள் மில்லுக்கு ஆள் வரும் ஊர்களில் சந்தை நாளன்று பாதிப்பேர் வரமாட்டார்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட்டு அவர்களுக்கு என்ன பயன் என்றும், சந்தை நாளில் வார விடுமுறையை வைத்துவிட்டால் ஆள் தட்டுப்பாடு பெருமளவு தீரும் என்றும் சொன்னார். வங்கி அதிகாரி குறுக்கே கேள்வி கேட்டார். இவர் பதில் சொன்னார். வகுப்பே கலகலத்துப்போனது.

அதற்குப் பிறகு கவனித்தேன். சின்னவர் இருந்தால் இவர் ஊமை. சின்னவர் வராத நாளில் இவரை உட்காரவைப்பது கஷ்டம். சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்காது. நூல் சுற்றும் தானியங்கி இயந்திரம் வாங்குவது தண்டம், கைவேலைக்கு ஈடாகாது என்று ஒருநாள் ஒரேயடியாகச் சாதித்தார். வங்கி அதிகாரி கரும்பலகைக்கே வந்து கணக்குப் போட்டு அவரை மடக்கினார். மடங்கியதில் அவருக்குக் கோபமில்லை, நன்றாகச் சிரித்தார். சண்டை போட்டுத் தோற்றாலும் மனதில் வைத்துக்கொள்ளாத ஆள். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு ஆள் முன்னால் மட்டும் இப்படி அடைத்துப்போவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் வருடத்தில் சின்னவர் வகுப்புக்கு வராத நாட்கள் அதிகமாயின. பணக்காரப் பிள்ளை, சலித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து வேலை கொடுத்துவிட்டு டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போனால், மூலை மேஜையில் சின்னவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஆறிப்போன காபி. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வகுப்பு நடக்குது, இங்க என்ன பண்றீங்க?" என்றேன்.

எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "நான் உள்ள இருந்தா அவரு பேசமாட்டாருங்க மேடம்" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது டீயை மறந்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் வருடம் தான் ஊரில் இல்லாத நாளில் சூப்பர்வைசர் வகுப்பில் என்ன பேசினார் என்பதை வங்கி அதிகாரி பேச்சுவாக்கில் சின்னவரிடம் சொல்லியிருக்கிறார். சந்தை நாள் விஷயம் அப்படித்தான் இவர் காதுக்கு வந்தது. அப்பாவிடம் தன் யோசனையாகச் சொல்லி மில் விடுமுறையை மாற்றியும் விட்டார். ஆள் வரத்து ஏறியது. அதிலிருந்து அவ்வப்போது வேண்டுமென்றே வகுப்புக்கு வராமல் கேன்டீனில் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் வங்கி அதிகாரியைப் பிடித்து, இன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்கிறாராம்.

"நேராக் கேட்டுட்டாப் போச்சு. உங்க மில் ஆள்தானே?"

"கேட்டா எனக்கு எது புடிக்குமோ அதைச் சொல்லுவாருங்க. அன்னைக்கு ஜி.டி.யில பாத்தீங்களே. நான் பேசினது எங்கப்பா பேச்சுங்க. யாராச்சும் இல்லைன்னு சொல்லமாட்டாங்களான்னு இருந்துதுங்க. அவரு ஒருத்தருதான் உள்ளதைத் தெரிஞ்சவரு. அவரே ஆமான்னு சொல்லிப்போட்டாரு."

"கேட்டுத்தான் பாருங்களேன்."

"எப்படிங்க? நான் பொறந்தப்போவே அவரு மில்லுல இருந்தாருன்னு எங்கம்மா சொல்லும். அவ்வளவு இல்லாட்டியும் நான் டவுசர் போட்டுட்டு மில்லுக்குப் போனப்போ என்னைத் தூக்கிட்டுப் போயி மெஷின் காட்டினவருங்க. அவரை நிக்கவெச்சு நான் கேள்வி கேட்டா அவருக்குச் சங்கடமுங்க."

எனக்கு அலுப்பாக இருந்தது. ஒருவருக்கு எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு. இன்னொருவருக்குக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. இருவருக்கும் நடுவே தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தபால் கொண்டுபோகிறார். ஆனால் இருவரும் விவரம் தெரிந்த பெரியவர்கள். படிப்பும் நடக்கிறது, மில்லும் நடக்கிறது. நான் டீயைக் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

சூப்பர்வைசருக்கு இது எதுவும் தெரியாது. வகுப்பில் தான் சொன்னதில் பலவும் சில வாரம் கழித்து மில்லில் நடப்பதைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். "சின்னவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி யோசனை போகுதுங்க மேடம்" என்று என்னிடமே சொன்னார். இப்படி ஒரு முதலாளி வந்தால் தனக்கு மேனேஜர் வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். இந்த முறை மனைவியிடமும் சொல்லிவிட்டாராம்.

கடைசி வருடத்தில் சின்னவருக்கு வருகைக் குறைவு வந்து, பரீட்சை எழுத அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு விளையாட்டு என்று துறைத்தலைவர் ஆசிரியர் கூட்டத்தில் அங்கலாய்த்தார். அந்தப் பையன் வெளியே இருந்துகொண்டே நிறையப் படிக்கிறான் என்று நான் சொன்னதை அவர் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். பரீட்சையில் சூப்பர்வைசர் முதல் வகுப்பு. சின்னவர் அதற்குக் கொஞ்சம் கீழே.

பரீட்சை முடிவு வந்த சமயத்தில்தான் மில்லின் பழைய மேனேஜர் ஓய்வு பெற்றார். பெரிய முதலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போய், மில் நிர்வாகம் முழுக்கச் சின்னவர் கைக்கு வந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் சின்னவர் என் அறைக்கு வந்தார். புது மேனேஜரைப் போட்டாகிவிட்டது என்றார். நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தபோது, அகமதாபாத் பக்கத்திலிருந்து வரும் ஆள் என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. "அப்போ அவர்?" என்றேன்.

சின்னவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அந்த அகமதாபாத்காரர் முதல் பேச்சிலேயே, நீங்கள் வாங்க நினைக்கும் மெஷின் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதாகவும், தனக்குக் கோபம் வந்ததாகவும், கோபம் வந்ததால்தான் அவரையே போட்டதாகவும் சொன்னார்.

"நம்ம சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சதுல பாதிகூட இவருக்கு மில்லைப் பத்தித் தெரியாதுங்க மேடம். அது எனக்கும் தெரியும். ஆனா, காலேஜுக்கு நான் வராம இருந்துக்கலாமுங்க. மில்லுக்கு வராம இருக்க முடியாதுங்களே."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கோபமாக இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

சூப்பர்வைசர் அதற்குச் சில வாரங்கள் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்தார். காலரில் பஞ்சு அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னேன். மில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. வழக்கம்போல நல்லா இருக்குங்க என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினார். அந்த வேலை தனக்கு வரவேண்டியது என்றார். வந்திருப்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் எந்த ஊர் ஆள் எந்தப் பண்டிகைக்கு வரமாட்டான் என்பதைத் தன்னிடம் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறார் என்றார். வீட்டில் மனைவி எதுவும் கேட்பதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றபோது கண் கலங்கிவிட்டது. நான் பார்க்காதது போல மேஜையில் எதையோ தேடினேன்.

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"சின்னவருகிட்டயா? அதெப்படிங்க மேடம்."

அப்போதுதான் நான் சொல்லிவிட்டேன். கேன்டீனையும், ஆறிப்போன காபியையும், வங்கி அதிகாரியையும், அவர் பேசுவதற்காகவே சின்னவர் வகுப்புக்கு வராமல் இருந்ததையும். சந்தை நாள் விடுமுறை அவர் வகுப்பில் சொன்ன யோசனையிலிருந்தே வந்தது என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்படீங்களா" என்று ஒருமுறை சொன்னார். முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த சான்றிதழ் உறையை மேஜைமேல் வைத்து, கசங்கியிருந்த மூலையைக் கட்டை விரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை நேராக் கேட்டிருக்கலாமுங்களே" என்றார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

பொய் சொல்ல விரும்பாத ஆள் யோசிப்பது போல யோசித்தார்.

"சொல்லியிருக்க மாட்டேனுங்க" என்றார். "ஆனாலும் கேட்டிருக்கலாமுங்க."